கேக்குது, ஆனால் விளங்கேல்லை

போன ஆவணியில் கிளிநொச்சியில் ஒரு கல்யாணம். என்னிடம் படித்த பெடியன் ஒருவனின் மகளுக்கு. தாலி கட்டி முடிந்து பந்தி தொடங்கிவிட்டது. மேலே தகரக் கூரை, கீழே மாபிள், சுற்றிவரச் சீமெந்துச் சுவர். ஒரு மூலையில் மேளம் இன்னும் ஓயவில்லை, மற்ற மூலையில் ஸ்பீக்கரில் பாட்டு. நடுவில் நானூறு ஐந்நூறு சனம், எல்லாரும் ஒரே நேரத்தில் கதைக்கிறார்கள். அந்த இரைச்சலுக்குள்தான் பழைய நண்பரைக் கண்டேன். ஒரே பள்ளிக்கூடத்தில் அவர் கணிதமும் நான் விஞ்ஞானமும் வருசக்கணக்காகப் படிப்பித்தோம். இடம்பெயர்ந்து திரும்பியபின் அவர் விசுவமடுப் பக்கம், நான் முரசுமோட்டைப் பக்கம்.

என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். எனக்கு வந்து சேர்ந்தது “மனிசி”, “போன மாசம்”, “போயிட்டா” என்ற மூன்று துண்டுகள்தான்.

அவருடைய மனைவி கனடாவில் இருக்கும் மகளிடம் போவதற்கு விசாவுக்குப் போட்டுவிட்டு இரண்டு வருசமாகக் காத்திருந்தவ. அது எனக்கு நன்றாகத் தெரியும். “அப்பாடா, நல்லதாப் போச்சு! இனி உமக்கும் நிம்மதி” என்று சிரித்துக்கொண்டே தோளில் தட்டினேன். அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். தலையை ஆட்டினார். அதற்குள் பின்னால் வந்தவர்கள் எங்களைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

திரும்பி வரும்போது, பரந்தன் சந்தியில் ஓட்டோ முல்லைத்தீவு வீதிக்குத் திரும்பிய இடத்தில், மனைவி சொன்னா: “பாவம் அந்த மனிசன், தனிச்சுப் போச்சு. நெஞ்சு நோகுது எண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ரெண்டே நாளாம்.”

“ஆர்?” என்று கேட்டேன். சொன்னா. அதற்குப் பிறகு வீடு வரும்வரை நான் வாய் திறக்கவில்லை.

அன்றிரவு படுத்துக்கிடந்து யோசித்தபோது ஒன்று உறுத்தியது. எனக்குக் காது கேட்கவில்லை என்று சொல்ல முடியாது. “போயிட்டா” சரியாகத்தான் கேட்டது. எங்கே போனா என்பதைத்தான் காது சொல்லவில்லை. அதைச் சொன்னது என் நினைவு. விசா, மகள், கனடா எல்லாவற்றையும் கணப்பொழுதில் எடுத்து நீட்டியது அதுதான். சந்தேகமே வராத மாதிரி நீட்டியது.

எனக்கு இப்போது 68 வயது. கடைசி மூன்று வருசமாக வீட்டில் என்மேல் இருந்த குற்றச்சாட்டு செவிடு என்பதல்ல, மறதி என்பது. மனைவி குசினிக்குள் நின்று “வரேக்க வெந்தயமும் கடுகும் ஒரு சவுக்காரமும்” என்பா. கிணற்றடியில் வாட்டர் பம்ப் ஓடிக்கொண்டிருக்கும். நான் “ஓம்” என்பேன். வெந்தயத்தோடு மட்டும் வந்து நிற்பேன். “நான் சொன்னனான், நீங்கள் ஓம் எண்டனீங்கள்” என்பா. ஓம் என்றது உண்மை. என் ஐயா கடைசிக் காலத்தில் ஆட்களை மாறிப் பிடிக்கத் தொடங்கி, பிறகு வீட்டையே அடையாளம் தெரியாமல் போனவர். அதே பாதை எனக்கும் தொடங்கிவிட்டதோ என்ற பயம் நெஞ்சுக்குள் இருந்தது. பயத்தை மறைக்க நான் பழகிய வித்தைதான் தலையாட்டுவது. விளங்காவிட்டாலும் ஓம் என்பது, மற்றவர்கள் சிரித்தால் சிரிப்பது. அந்த வித்தைதான் மனைவியைப் பறிகொடுத்தவரிடம் என்னைச் சிரிக்க வைத்தது.

அடுத்த கிழமையே காதைக் காட்டப் போனேன். முதல் வெட்கம் அங்கேயே. வலக்காதில் குரும்பி இறுகிப்போய்க் கிடந்தது. சின்ன வயதிலிருந்து கோழியிறகு, நெருப்புக்குச்சி, மோட்டார் சைக்கிள் திறப்பு என்று கையில் அகப்பட்டதை எல்லாம் விட்டுக் குடைந்தவன் நான். குடைவதால் குரும்பி வெளியே வருவதைவிட உள்ளே போய் இறுகுவதுதான் அதிகம் என்று அந்த டொக்டர் சொன்னபோது, ஓர் ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர் என்று சொல்லிக்கொள்ளவே கூச்சமாக இருந்தது. காது மந்தம் என்று நினைப்பவர்கள் முதலில் பார்க்கவேண்டியது இதைத்தான். பத்து நிமிச வேலை. சிலருக்கு அதோடு முடிந்தும் விடும்.

எனக்கு முடியவில்லை. சத்தம் புகாத சின்ன அறைக்குள் இருத்தி, காதில் கருவியை மாட்டி, “பீப்” கேட்டால் பொத்தானை அமத்தச் சொன்னார்கள். 250 ஹெர்ட்ஸ் என்ற தாழ்ந்த சுருதியில் தொடங்கி 8000 என்ற உயர்ந்த சுருதி வரை. வந்த கோட்டுப்படத்தில் தாழ்ந்த சுருதியில் கோடு நேராகப் போகிறது. 2000 தாண்டியதும் மலைச்சரிவு மாதிரிக் கீழே இறங்குகிறது, அதாவது அங்கே எனக்குக் கேட்பது குறைவு. இடக்காதில் சரிவு இன்னும் மோசம். சோதித்த பிள்ளை கேட்டா: “ஐயா, பெரிய சத்தம் ஏதும் கிட்டக் கேட்டனீங்களோ? ஷெல், கிளைமோர்?” 2009 மாசியில் பங்கருக்குப் பக்கத்தில் விழுந்த ஒன்றுக்குப் பிறகு இடக்காதில் தொடங்கிய கூவல் இன்னும் இரவில் இருக்கிறது என்று சொன்னேன். அவ தலையைக் குனிந்து எழுதினா. வன்னியில் என் வயதுக்காரரின் காதைச் சோதிப்பவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்காமல் விடமுடியாது. அதோடு உழவு இயந்திரம், அரிசி ஆலை, சூடடிக்கிற மெசின், வருசக்கணக்கான பம்ப் சத்தம். முதுமை தனியாக வருவதில்லை.

மனிதக் காதுக்கு 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும் என்று கரும்பலகையில் எத்தனை வருசம் எழுதியிருப்பேன்! நத்தை ஓடு போலச் சுருண்ட உட்காதில் பிறக்கும்போது ஒலியை உணரும் மயிர்க்கலங்கள் சுமார் 15,000 இருக்கின்றன, செத்தது செத்ததுதான், மனிதருக்குத் திரும்ப முளைக்காது. உயர்ந்த சுருதிக்கான கலங்கள் உட்காதின் வாசலில் இருக்கின்றன. அடி முதலில் விழுவதும் அங்கேதான். இதையெல்லாம் பரீட்சைக்குப் படிப்பித்தேன். இதன் விளைவு “சட்டி”யும் “பட்டி”யும் ஒன்றாகிப் போவது என்று யாரும் எனக்குப் படிப்பிக்கவில்லை.

அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் விசயமே இதில்தான் இருக்கிறது. சட்டி, பட்டி, கட்டி, தட்டி. நாலையும் சொல்லிப் பாருங்கள். உயிரொலி நாலிலும் ஒன்று. அது தாழ்ந்த சுருதி, பலமாக வரும், என் காதில் தெளிவாக விழும். வேறுபடுத்துவது முதலெழுத்தின் மெய்யொலி மட்டும். அது மெல்லியது, சின்னது, சுருதியில் உயர்ந்தது. என் கோட்டுப்படம் சரிகிற இடம் அது. எனக்கு வந்து சேர்வது “அட்டி” மட்டும். ஆனால் ஆள் கதைக்கிற சத்தம் குறையவே இல்லை. அதனால்தான் எங்கள் சனம் சொல்வதைப்போல, கேக்குது, ஆனால் விளங்கேல்லை. இதற்கு மேல் பம்பின் உறுமல் சேர்ந்தால் முடிந்தது கதை. தாழ்ந்த சுருதி இரைச்சல் தனக்கு மேலே உள்ள மெல்லிய ஒலிகளையும் மூடிவிடும் தன்மை உள்ளது.

அப்படியானால் “அட்டி” எப்படிச் சட்டியாகிறது? அடுப்படியில் நின்று மனைவி சொன்னால் சட்டி. மாடு வைத்திருக்கும் பக்கத்து வளவுக்காரர் சொன்னால் பட்டி. வேலி அடைக்கிற நாளில் சொன்னால் தட்டி. ஆள், இடம், முன்னால் வந்த சொற்கள், இவற்றை வைத்து மனம் ஊகிக்கிறது. இளவயதிலும் இதைச் செய்கிறோம். வயது போகப் போக அதிகம் செய்கிறோம், நன்றாகவும் செய்கிறோம். சொல்வளமும் உலக அனுபவமும் எங்களுக்குத்தான் கூட. பத்தில் ஒன்பது தடவை சரி. அந்தப் பத்தாவது தடவைதான் கல்யாண மண்டபம். 2012இல் ரோஜர்ஸ், ஜேக்கபி, சொமர்ஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் இதையே சோதித்திருக்கிறார்கள். எதிர்பார்த்த சொல்லுக்குக் கிட்டவான வேறொரு சொல்லை இரைச்சலில் ஒலிக்கவிட்டால், முதியவர்கள் எதிர்பார்த்த சொல்லையே கேட்டதாகச் சொல்வது அதிகம். அதுவும் உறுதியாகச் சொல்வார்கள். வாசித்தபோது என் தோளைத் தட்டிய கையைப் பார்த்துக்கொண்டேன்.

இன்னொன்று, நெல் சூடடிக்கிற களத்தில் நின்றவர்களுக்கு விளங்கும். சுளகில் நெல் வந்துகொண்டே இருக்கிறது, நீங்கள் பதரைத் தூற்றிக்கொண்டே இருக்கவேண்டும். முதல் சுளகை முடிக்கமுன் அடுத்தது வந்து விழுகிறது. கை வேகமானவர் சமாளிப்பார். கை தாமதமானால் தூற்றாத நெல் குவியும், கொஞ்சம் சிந்தும். பேச்சும் அப்படித்தான். வந்த சொல்லைத் துப்புரவாக்கும் அதே நேரத்தில் அதற்கு முன் வந்ததைக் கையில் பிடித்து வைத்திருக்கவேண்டும். அந்தப் பிடித்து வைக்கும் இடத்தைச் செயல் நினைவு என்கிறார்கள். அது எல்லாருக்கும் சின்னது, வயதோடு இன்னும் இறுகும். இரைச்சலில் அதன் பெரும்பகுதி “என்ன சொல்” என்று கண்டுபிடிப்பதிலேயே செலவாகிவிடும். ஞாபகத்தில் வைக்க மிச்சம் இருக்காது.

இதை நம்பாமல் பேரனை வைத்து ஒரு விளையாட்டுச் சோதனை செய்தேன். அவனுக்குப் பன்னிரண்டு வயது. கடைச் சாமான்கள் பத்தின் பெயரை ஒவ்வொன்றாக வாசிப்பான், நான் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லவேண்டும். கடைசியில் பத்தையும் ஞாபகத்திலிருந்து சொல்லவேண்டும். விறாந்தையில் வைத்து ஏழு சொன்னேன். பிறகு வேறு பத்துப் பெயரோடு பம்படிக்குப் போனோம். அங்கேயும் பத்தையும் பிழையில்லாமல் திருப்பிச் சொன்னேன். அதாவது கேட்டிருக்கிறது. ஆனால் கடைசியில் வந்தது நாலு. அவனுக்கு எட்டும் ஏழும். “அம்மப்பா, நீங்கள் வாய்க்குள்ள சொல்லிச் சொல்லிப் பாக்கிறதுக்குள்ள நான் அடுத்ததைச் சொல்லிப்போடுறன்” என்று அவனே காரணமும் சொன்னான். ஒரு வீட்டு விளையாட்டை ஆய்வென்று சொல்லமாட்டேன். ஆனால் 1968இலேயே பற்றிக் ரபிட் என்ற உளவியலாளர் இதைக் காட்டியிருக்கிறார்: இரைச்சலில் சரியாகக் கேட்ட சொல்லும் நினைவில் குறைவாகவே தங்கும். 1995இல் கனடாவில் பிச்சோரா-ஃபுல்லரும் உடன் இருந்தவர்களும் இளையவரையும் முதியவரையும் வைத்து, கேட்பதற்கும் ஞாபகம் வைப்பதற்கும் உள்ள இந்தத் தொடுப்பை இன்னும் விரிவாகப் பார்த்தார்கள்.

ஆக, மனைவியின் குற்றச்சாட்டில் பாதி சரி. வெந்தயத்துக்குப் பிறகு சொன்னது என்னிடம் தங்கவில்லை. அது மூளையில் ஓட்டை விழுந்ததால் அல்ல, பம்ப் ஓடியதால். இதை விளங்கப்படுத்தியபோது அவ சொன்னது: “அப்ப பம்பை நிப்பாட்டிப்போட்டுக் கேட்டிருக்கலாமே?” பதில் இல்லை.

அதற்குப் பிறகு நாங்கள் மாற்றியவை கொஞ்சம். முதலாவது, குசினியிலிருந்து கத்துவதை நிறுத்தியது. இது சொல்வதற்கு லேசு, பழக்கத்துக்கு வர நாலு மாசம் எடுத்தது. இப்போது “இஞ்சாருங்கோ” என்று கூப்பிட்டு, நான் திரும்பிப் பார்த்தபிறகுதான் விசயத்தைத் தொடங்குகிறா. கூப்பிட்ட சொல்லோடு விசயத்தையும் சேர்த்துச் சொன்னால் முதல் நாலு சொல் காற்றில் போய்விடும். மிச்சத்தை வைத்து மனம் கதை கட்டும். முகம் தெரிந்தால் பாதி கேட்ட மாதிரி. “ப”வுக்கு உதடு மூடும், “க”வுக்கு மூடாது. சட்டி பட்டிக் குழப்பத்தில் பாதியைக் கண்ணே தீர்த்துவிடும். கொரோனாக் காலத்தில் எல்லாரும் மாஸ்க் போட்டபோது எனக்குத் திடீரென்று காது மோசமானதுபோல் இருந்ததன் காரணம் இப்போதுதான் விளங்குகிறது. துணி உயர்ந்த சுருதியை மங்கச் செய்கிறது, உதட்டையும் மறைக்கிறது.

கத்துவது உதவாது. கத்தும்போது உயிரொலிதான் பெருக்கும், மெய்யொலி அதே இடத்தில் நிற்கும். “அட்டி” இன்னும் பெரிய “அட்டி” ஆகும், அவ்வளவுதான். அதோடு உட்காது பழுதானவர்களுக்கு மெல்லிய சத்தம் கேட்காது, பெரிய சத்தம் குத்தும். கொஞ்சம் ஆறுதலாக, சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டுச் சொன்னால் போதும். ஒருமுறை விளங்காவிட்டால் அதே வசனத்தை மூன்று தரம் சொல்வதைவிட வேறு சொற்களில் சொல்வது நல்லது. “சட்டியை எடுங்கோ” விளங்கவில்லையா, “கறிச்சட்டி, அடுப்பில இருக்கிறது” என்றால் விளங்கும்.

ஒன்றை மட்டும் யாரும் சொல்லாதீர்கள்: “ஒண்டுமில்லை, விடுங்கோ.” எல்லாரும் சிரித்த பகிடியைத் திருப்பிக் கேட்டால் மருமகன் அப்படித்தான் சொல்வார், மரியாதையாகத்தான் சொல்வார். அது கதவைச் சாத்துவது மாதிரி. இரண்டு மூன்று தடவை சாத்தினால் மனிதன் கேட்பதையே விட்டுவிடுவான். பிறகு விறாந்தையில் தனியே இருப்பான். நானும் இருந்தேன்.

எண்களைப் பற்றிச் சொல்லவேண்டும், ஏனென்றால் அதில் எனக்குக் காசு போனது. எங்கள் கமக்காரர் அமைப்பின் கூட்டம், சிறுபோகத்துக்கு இரணைமடுக் குளத்துத் தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு எப்போது என்ற விசயம். தகரக் கொட்டகை. வெளியே ஒரு லாண்ட்மாஸ்டர் உழவு மெசின் நின்ற இடத்திலேயே இயங்கிக்கொண்டிருந்தது. “பதினெட்டு” என்றார்கள், “பதினைஞ்சு” என்று கேட்டேன். இரண்டும் “பதின” என்றுதான் தொடங்குகின்றன, அந்த முதல் பாதி மட்டும்தான் எனக்கு முழுசாகக் கிடைத்தது. மற்றபாதியை நான் விரும்பியபடி நிரப்பிக்கொண்டேன், தண்ணீர் வேளைக்கு வந்தால் எனக்கு வசதி. ஆட்களுக்குச் சொல்லி, மூன்று நாள் முன்னதாகவே கூலி கொடுத்து, காய்ந்த வயலுக்குள் நிறுத்தினேன். இப்போது எண் என்றால் உடைத்துக் கேட்கிறேன்: “ஒண்டு எட்டோ, ஒண்டு அஞ்சோ?” அம்பதும் எம்பதும் இதைவிடப் பொல்லாதவை. சந்தையில் வெங்காயம் வாங்கும்போது “அஞ்சு பத்தோ, எட்டுப் பத்தோ” என்று கேட்டால் வியாபாரி சிரிக்கிறார். சிரிக்கட்டும். “என்ன?” என்று வெறுமனே கேட்பதைவிட, கேட்ட அளவைத் திருப்பிச் சொல்லி மிச்சத்தைக் கேட்பது நல்லது. “தண்ணி விடுறது விளங்குது, திகதிதான் விளங்கேல்லை” என்றால் அவர்களும் அந்த ஒரு சொல்லை மட்டும் சொல்வார்கள். பிறகு கொப்பியில் எழுதிவிடுவேன். எழுதுவது கிழவன் வேலை என்று நினைத்தவன்தான் நான். ஆனால் எழுதிய பிறகு அதைத் தலைக்குள் பிடித்து வைத்திருக்கத் தேவையில்லை, அடுத்த வசனத்தைக் கேட்கத் தலை வெறுமையாகிறது.

இடம் பார்த்து இருப்பதும் ஒரு கலை. திறந்த வெளியில் தூரத்தைப் பாதியாக்கினால் பேச்சு 6 டெசிபல் கூடும். எந்தக் கருவியும் வாங்காமல் கிடைக்கும் லாபம் இது. நாலடியில் நிற்பவரிடம் இரண்டடிக்குப் போய்விடுகிறேன். கல்யாண வீட்டில் மண்டபத்தின் நடுவில் இருப்பதில்லை. ஸ்பீக்கருக்கு முதுகு காட்டி, ஓரத்தில், வெளிச்சம் மற்றவரின் முகத்தில் விழும்படி கதிரையைப் போடுகிறேன். பழுதான இடக்காதை மேளத்தின் பக்கம் விட்டுவிடுகிறேன், அது தன் பாட்டில் கூவட்டும். முக்கியமான கதை என்றால் “வாரும், வெளியில மரத்துக்குக் கீழ நிண்டு கதைப்பம்” என்று கூட்டிக்கொண்டு போகிறேன். தகரக் கூரையில் மாரி மழை அடிக்கும்போது கதைப்பதே இல்லை. அந்த நேரம் பிளேன்ரீ குடிக்கிற நேரம்.

பம்ப் சத்தத்தைவிட மனிதச் சத்தம் பொல்லாதது என்பதும் அனுபவத்தில் கண்டது. பம்ப் ஒரே சீராக உறுமும், மனம் அதை ஒதுக்கிவிடும். பக்கத்து மேசையில் யாரோ காணிப் பிணக்குக் கதைத்தால் காது தானாக அங்கே போகிறது. 1953இல் கொலின் செரி என்ற ஆங்கிலேயர் இரண்டு காதிலும் இரண்டு பேச்சை ஒலிக்கவிட்டுப் பார்த்தார். ஒன்றைக் கவனித்துத் திருப்பிச் சொன்னவர்களுக்கு மற்றக் காதில் மொழியே மாறியதுகூடத் தெரியவில்லையாம். அப்படி ஒரு கதவை அடைத்து வைக்கும் பலம் எனக்கு இப்போது இல்லை. கனடாவிலிருந்து வட்ஸ்அப்பில் பிள்ளைகள் எடுத்தால் இங்கே ஐந்து பேர், அங்கே நாலு பேர், ரி.வி.யில் நாடகம். முதலில் ரி.வி.யை நிற்பாட்டு, பிறகு ஒருவர் ஒருவராகக் கதை என்று சட்டம் போட்டிருக்கிறோம். கைபேசியில் பேச்சை எழுத்தாக்கும் வசதி தமிழிலும் இருக்கிறது. ஆனால் எங்கள் பேச்சை அது எழுதுகிற அழகைப் பார்த்தால் என் காதே பரவாயில்லை என்று தோன்றும். அமைதியான இடத்தில் மட்டும் ஓரளவு உதவும்.

பின்னேரமானால் எனக்குக் காது கேட்பது குறைகிறது என்று வீட்டில் எல்லாரும் கண்டுபிடித்தார்கள். குறைவது காது அல்ல, தெம்பு. நாள் முழுக்க ஊகித்து ஊகித்துக் களைத்துப்போகிறது. ஆகவே காணி, காசு, ஆஸ்பத்திரிக் கதையெல்லாம் காலமையில்.

செவிக்கருவி போட்டு இப்போது ஏழு மாசம். முதல் நாள் போட்டபோது என் செருப்புச் சத்தமே என்னைத் திடுக்கிட வைத்தது. கரண்டி கோப்பையில் படுவது ஊசி மாதிரிக் குத்தியது. மூன்றாம் நாள் கழற்றி அலுமாரிக்குள் வைத்தேன். பலர் அந்த மூன்றாம் நாளோடு விட்டுவிடுகிறார்கள். அது கண்ணாடி மாதிரி அல்ல, வருசக்கணக்காகக் கேட்காத ஒலிகளை மூளை திரும்பப் பழகக் கிழமைகள், சிலருக்கு மாசங்கள் எடுக்கும். வீட்டுக்குள் ஒரு மணித்தியாலம், பிறகு இரண்டு என்று கூட்டிக்கொண்டே வந்தேன். பள்ளிக்கூட மணிச் சத்தம் வந்தது, குருவிச் சத்தம் வந்தது, “ச” திரும்பி வந்தது. கல்யாண மண்டபத்தில் இன்னும் அற்புதம் ஒன்றும் செய்வதில்லை. அது இரைச்சலையும் சேர்த்துத்தான் பெருக்குகிறது, முன்னால் இருப்பவரின் குரலைக் கொஞ்சம் தூக்கிக் காட்டுகிறது, அவ்வளவே. வியர்வை அதற்கு எமன். சூடடிப்புத் தூசிக்குள்ளும் உழவு இயந்திரத்திலும் கழற்றி டப்பாவுக்குள் வைத்துவிடுவேன், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொதி ஒன்றும் அதற்குள் கிடக்கும். பட்டரியின் முதுகில் ஒட்டியிருக்கும் துண்டை உரித்ததும் அது காற்றை இழுத்து வேலை செய்யத் தொடங்கிவிடும், திரும்ப ஒட்டினாலும் பலனில்லை. முதல் பெட்டியில் ஆறையும் ஒரே நாளில் உரித்து அடுக்கி வைத்த புத்திசாலி நான்தான்.

இது மறதி நோயைத் தடுக்குமா என்று பலர் கேட்கிறார்கள். காது கேட்பதில் உள்ள குறைபாட்டைக் கவனியாமல் விடுவது அந்த நோய்க்கு ஓர் ஆபத்துக் காரணி என்று லான்செட் மருத்துவ இதழின் ஆணைக்குழு 2017, 2020, 2024 அறிக்கைகளில் சொல்லியிருக்கிறது. ஆனால் அமெரிக்காவில் நடந்து 2023இல் வெளியான பெரிய சோதனையில், செவிக்கருவி போட்ட எல்லாரையும் சேர்த்துப் பார்த்தபோது மூன்று வருசத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஏற்கெனவே ஆபத்துக் கூடியவர்களிடம் மட்டும் அறிவாற்றல் குறையும் வேகம் தணிந்தது. ஆகவே மருந்து மாதிரி யாரும் விற்க வந்தால் வாங்காதீர்கள். நான் போடுவது பேரனின் கதை விளங்குவதற்கு.

மறதியா காது மந்தமா என்று பிரித்தறிய நாங்கள் வைத்திருக்கும் வழி இதுதான்: அமைதியான காலமையில், முகம் பார்த்துச் சொன்னதும் மறந்துபோகிறதா? தெரிந்த வழி தவறுகிறதா? அப்படியென்றால் அது வேறு, அதற்குத் தனியாக டொக்டரிடம் போகவேண்டும். போகும்போது கருவியைப் போட்டுக்கொண்டு போங்கள். கேள்வி விளங்காமல் பிழையான பதில் சொல்லி, இல்லாத மறதிக்குப் பெயர் வாங்கவேண்டாம். ஒரு காது மட்டும் திடீரென்று அடைத்தாலோ, கேட்காமல் போனாலோ எண்ணெய் விட்டுப் பார்த்துக்கொண்டிருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அதற்கு மருந்து உண்டு, நாள் தள்ளினால் பயன் குறையும். சீழ் வடிந்தாலும் தலை சுற்றினாலும் அப்படியே.

கல்யாணம் முடிந்து இரண்டு கிழமையால், கருவி கிடைப்பதற்கு முன்னாலேயே, விசுவமடுவுக்குப் போனேன். காலமை எட்டு மணி. அவர் தனியே விறாந்தையில் இருந்தார். சுவரில் மனைவியின் படம், மாலை காயாமல் இருந்தது. நான் கதிரையை அவருக்கு முன்னால் இழுத்துப் போட்டு, அன்றைக்குச் சொன்னதற்காக மன்னிக்கச் சொன்னேன். கனடா என்று நினைத்துவிட்டேன் என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். “அண்டைக்கு நீர் என்ன சொன்னனீர் எண்டு எனக்கும் விளங்கேல்லை. ஏதோ ஆறுதல் சொல்லுறீர் எண்டு நினைச்சுத் தலையாட்டினனான்” என்றார்.

உண்மையோ, எனக்காகச் சொன்னதோ தெரியாது. கணித வாத்தியாரின் முகத்தில் எதையும் வாசிக்க முடியாது. பிறகு எழும்பிப் போய், ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியை நிற்பாட்டிவிட்டு வந்து இருந்து, முதல் நாள் இரவு அவவுக்கு நெஞ்சு நோகத் தொடங்கியதிலிருந்து சொல்லத் தொடங்கினார்.